ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல

ஊவா மாகாணத்தில், வெலிமடைக்கு அண்மையில், கெப்பெட்டிபொல என்னும் சிறு நகர் ஒன்று உண்டு. மலைச்சாரல்களில் விளையும் உருளைக்கிழங்கும் கோவாவும் பிற மரக்கறிகளும் குவிந்து விலைபோகும் சந்தையினால் அஃது இன்று பெயர்பெற்று விளங்குகின்றது. பதுளைப் பகுதித் தோட்டங்களிற் பிறந்து, கல்வியின் பொருட்டு வேற்றூர்க் கல்லூரிகளை நாடிய மாணவர் பலர் அவ்வூர்ப் பெயரைப் பன்முறை சொல்லியிருப்பர். அப்பெயருக்கு உரியவர் யாவர், அவர் எக்குடியிற் பிறந்தவர், எதன்பொருட்டு உயிர் துறந்தார் என்பவற்றை அறிந்தோர் நம்மிற் சிலரே. ஊவா மண்ணில் வாழ்ந்தும் உழைத்தும் வந்த நமக்கு அவ்வரலாறு அயலார் வரலாறு அன்று. ஆதலின், அவ்வீரரின் வாழ்க்கையை இம்மலரிற் சுருங்க உரைக்க விரும்புகின்றோம்.

குடியும் உறவும்

மொனரவில கெப்பெட்டிபொல கண்டி இராச்சியத்தின் உயர்குடிகளுள் ஒன்றிற் பிறந்தவர். அவர்தம் தந்தையார் அரச சேவையில் இருந்த கொலஹெல நிலமே என்பவர். தந்தைக்கு ஒரு பெயரும் மைந்தனுக்கு வேறொரு பெயரும் வழங்குவதைக் கண்டு வாசகர் மயங்குதல் வேண்டா. கண்டிப் பிரதானிகள் தாம் உரிமைகொண்ட ஊராலும் வளவாலும் அழைக்கப்படுதல் அக்கால வழக்கம். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஒருவர்க்கு உரிய நிலமும் அதிகாரமும் உறவும் பிறர்க்குப் புலப்பட்டுவிடும்.

அவ்விராச்சியத்தில் அரசருக்கு அடுத்த நிலையில் அதிகார்களும், அவர்களுக்குப் பின் மாகாணங்களை ஆளும் திசாவைகளும் இருந்தனர். திசாவை என்பவர் வரி தண்டுபவர், வழக்குத் தீர்ப்பவர், போர் வந்துழித் தம் மாகாணத்தாரைத் திரட்டிப் படைநடத்துபவர். ஆகவே, அக்குடியிற் பிறந்த சிறுவன் எழுத்தும் சமய நூலும் கற்பதோடு வில்லும் துவக்கும் பழகுதல் இயல்பாயிற்று. கெப்பெட்டிபொலவும் அவ்வாறே வளர்ந்து அரசசேவை புகுந்தார்.

அவருடைய சகோதரியார் எகலப்பொல என்னும் பெருந்தலைவருக்கு வாழ்க்கைப்பட்டார். எகலப்பொல பின்னர் முதல் அதிகாராக உயர்ந்தமையால் இரு குடும்பங்களும் அரசவையில் பெருஞ்செல்வாக்குப் பெற்றன. ஆயின், அரியணைக்கு அருகில் நிற்போர்க்கு நிழலும் உண்டு, நெருப்பும் உண்டு. இவ்விரண்டையும் அக்குடும்பம் கண்டது.

1814ஆம் ஆண்டின் துயரம்

அக்காலத்திற் கண்டியை ஆண்டவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர். கண்ணுசாமி என்னும் இயற்பெயர் பூண்ட அவர் தென்னிந்திய நாயக்கர் வழியினர். 1798ஆம் ஆண்டில் அரியணை ஏறிய அவருக்கும் பிரதானிகளுக்கும் நாளடைவிற் பகை முற்றியது. சபரகமுவைத் திசாவையாகவும் இருந்த எகலப்பொல மீது அரசர் ஐயுற்று, அவரைத் தலைநகருக்கு வருமாறு பணித்தார். எகலப்பொல வாராது கிளர்ச்சி செய்து, அது தோல்வியுறவே, கொழும்பிலிருந்த ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார்.

அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கண்டியில் அரசர் கையில் இருந்தனர். 1814ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்குடும்பத்திற்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிள்ளைகள் வெட்டுண்டனர். மூத்தவன் அஞ்சித் தாயைப் பற்றிக்கொள்ள, இளையவனான மத்தும பண்டார முன்வந்து தலைகொடுத்தான் என்று சிங்கள மக்கள் இன்றும் போற்றுகின்றனர். அன்னையார் போகம்பரை ஏரியில் அமிழ்த்தப்பட்டார். அந்த அன்னையார் கெப்பெட்டிபொலவின் உடன்பிறந்தவர். அச்சிறுவர் அவர்தம் மருமக்கள்.

பின்னாளில் கெப்பெட்டிபொல மேற்கொண்ட போரை ஆராய்வோர் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது. நாயக்க அரசரால் இத்துணைத் துயருற்ற ஒருவர், மூன்றே ஆண்டுகளின் பின்னர் நாயக்க மரபின் பெயரால் உயர்த்தப்பட்ட கொடியின் கீழ் நின்று போர் செய்தார். தம் குடிக்கு நேர்ந்த பழியினும் தம் நாட்டுக்கு நேர்ந்த இழிவையே அவர் பெரிதாக எண்ணினார் என்பது நாம் துணிவது.

உடன்படிக்கையும் ஏமாற்றமும்

1815ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் அரசர் மெதமகாநுவரைப் பகுதியிற் பிடிபட்டார். மார்ச் 2ஆம் நாள் கண்டியிற் கூடிய பிரதானிகள் தங்கள் இராச்சியத்தைப் பிரித்தானிய முடிக்கு ஒப்புவித்து உடன்படிக்கை செய்தனர். அதிற் கைச்சாத்திட்டோருள் ஊவாத் திசாவையாகிய மொனரவில கெப்பெட்டிபொலவும் ஒருவர். இதனை அவர் புகழ் பாடுவோர் சிலர் விரைந்து கடந்துவிடுவர். நாம் அவ்வாறு செய்தல் முறையன்று. அவரும் அந்நியரை வரவேற்றவருள் ஒருவரே.

அரசர் குடும்பத்தோடு 1816ஆம் ஆண்டில் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அங்கேயே இறந்தார். கண்டியிலோ, பழைய அரசர் நீங்கினும் பழைய முறைமை நிலைக்கும் என்று நம்பிய பிரதானிகள் விரைவிலேயே ஏமாற்றமுற்றனர். வழியிற் கண்ட மக்களெல்லாம் விலகி வணங்கும் பெருமைக்கு உரியவராயிருந்தோரைச் சாதாரண வெள்ளைச் சிப்பாயும் பொருட்படுத்தாது சென்றான். அரசவை இல்லை. அரசர் வழங்கும் பட்டமும் பரிசும் இல்லை. திசாவையின் ஆணைக்கு மேலாக ஆங்கில உத்தியோகத்தரின் ஆணை நின்றது. பொதுமக்களுக்கும் கடல் கடந்து வாழும் காணாத அரசர் ஒருவரை அரசராக எண்ண இயலவில்லை.

வெல்லசையில் எழுந்த கிளர்ச்சி

1817ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஊவாவின் கீழ்ப்பாகமாகிய வெல்லசையில் புதியவர் ஒருவர் தோன்றினார். தாம் துரைசாமி என்றும், நாடுகடத்தப்பட்ட அரசரின் குலத்தவர் என்றும், கதிர்காமக் கடவுளின் அருளால் அரசுக்கு உரியவர் ஆனவர் என்றும் அவர் கூறினார். உண்மையில் அவர் வில்பாவே என்னும் சிங்களவர், முன்னர்த் துறவியாயிருந்தவர். சிங்கள மக்களைத் திரட்டுதற்குத் தமிழ்ப்பெயர் ஒன்றும், நம்மவர் முருகனாக வழிபடும் கதிர்காமத் தேவரின் அருளும் வேண்டப்பட்டன என்பது சிந்திக்கத்தக்கது. அரசரது ஆட்சியை வெறுத்த மக்கள் அவ்வரச குலத்தை வெறுத்துவிடவில்லை என்பதும் இதனாற் பெறப்படும்.

அக்காலத்திற் பதுளையிலிருந்து ஊவாவை நிருவகித்தவர் சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் என்னும் ஆங்கில அதிகாரி. வெல்லசையில் முஸ்லிம் மக்களுக்குத் தலைவராக ஹாஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாக ஆங்கிலேயர் நியமித்திருந்தனர். இது அப்பகுதிப் பழைய தலைவர்களின் மனத்தைப் புண்படுத்தியிருந்தது. புதியவரைப் பிடிக்கச் சென்ற ஹாஜி மரிக்கார் கிளர்ச்சிக்காரரால் அகப்படுத்தப்பட்டு உயிரிழந்தார். நிலைமையை நேரிற் கண்டு அடக்கப் படையோடு புறப்பட்ட வில்சனும் அம்புபட்டு மாண்டார். ஊவா எங்கும் கிளர்ச்சி பரவிற்று.

படைக்கலங்களைத் திருப்பி அனுப்பியமை

வில்சனுக்குப் பின் பதுளையிற் பொறுப்பேற்றவர் சைமன் சோவர்ஸ். கிளர்ச்சியை அடக்குதற்குப் பொருத்தமானவர் அம்மாகாணத் திசாவையே எனக் கருதிய ஆங்கிலேயர், ஏறக்குறைய 500 பேரோடும் துவக்குகளோடும் கெப்பெட்டிபொலவை அனுப்பினர். அவர் சென்றார். அலுபொத்தைப் பகுதியில் கிளர்ச்சிக்காரரைக் கண்டார். 1817ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

சேருமுன் அவர் செய்த செயல் ஒன்று அவரை வரலாற்றில் நிலைநிறுத்திற்று. ஆங்கிலேயர் கொடுத்தனுப்பிய துவக்குகளையும் வெடிமருந்தையும் அவர் சோவர்ஸிடமே திருப்பி அனுப்பினார். ஒருவர் நம்பித் தந்த படைக்கலத்தைக்கொண்டு அவரையே எதிர்த்தல் தகாது என்பது அவர் கொள்கை. வில்லும் ஈட்டியும் பெரிதாகக் கொண்ட கிளர்ச்சிக்காரருக்கு அந்நாளில் ஒவ்வொரு துவக்கும் பொன்னினும் அரியது. போரியல் நோக்கில் அது பெருந்தவறு என்று கூறுவாரும் உளர். ஆயினும் அவரோடு போர்செய்த ஆங்கிலேயரே பின்னர் அவரை மதித்து எழுதியமைக்கு அச்செயலும் ஒரு காரணம் ஆயிற்று.

அவர் உடன்படிக்கையை மீறியவர் அல்லரோ என்னும் வினா எழும். மீறியவரே. ஆயின் அவர் அதனை மறைவிற் செய்தவர் அல்லர். பகைவர் உணவை உண்டுகொண்டே அவரைக் காட்டிக்கொடுத்தவர் அல்லர். தாம் இனி எப்பக்கம் என்பதை வெளிப்படையாக அறிவித்து, பெற்றதை மீளக் கொடுத்து, வெறுங்கையோடு மறுபக்கம் சென்றவர்.

போரும் பஞ்சமும்

வில்பாவே கெப்பெட்டிபொலவை மகா அதிகாராக நியமித்தார். அதன்பின் கிளர்ச்சியின் உயிர் அவரே ஆயினார். மாத்தளை, தும்பறை முதலிய பகுதிகளிலும் தலைவர்கள் எழுந்தனர். தேசாதிபதி ரொபர்ட் பிரவுன்றிக் கண்டிக்கு வந்து தங்கிப் போரை நடத்தினார். 1818ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் கெப்பெட்டிபொல முதலிய தலைவர்களை அரசத் துரோகிகளாக அறிவித்துப் பிரகடனம் வெளியிட்டார். மைத்துனராகிய எகலப்பொலவும் ஐயத்துக்கு உட்பட்டுச் சிறைப்பிடிக்கப்பட்டார்.

பரணகமையில் மேஜர் மக்டொனல்ட் என்பவர் தலைமையில் குன்று ஒன்றில் நின்ற சிறு படையைக் கெப்பெட்டிபொல பல்லாயிரம் பேரோடு பல நாள் முற்றுகையிட்டார். துவக்குகளுக்கு எதிரே அவரால் அக்குன்றைக் கைப்பற்ற முடியவில்லை. மக்டொனல்ட் கோட்டை என்னும் பெயர் அவ்விடத்துக்கு அதனால் வந்தது. மக்கள் தொகையும் மனவுறுதியும் மாத்திரம் போரை வெல்லப் போதா என்பதற்கு அக்குன்று சான்று. ஆயினும் திறந்த வெளியிற் போர்செய்வதைத் தவிர்த்து, காட்டுப்பாதைகளில் மறைந்திருந்து தாக்கியபோது கிளர்ச்சிக்காரர் ஆங்கிலப் படையைப் பெரிதும் அலைக்கழித்தனர். காய்ச்சலும் வயிற்றோட்டமும் அப்படைவீரரை மேலும் வாட்டின. சென்னையிலிருந்து புதிய படைகள் வருவிக்கப்பட வேண்டியதாயிற்று.

இதன்பின் ஆங்கிலேயர் ஊர்களைத் தண்டிக்கத் தொடங்கினர். வீடுகள் எரிக்கப்பட்டன. நெற்களஞ்சியங்கள் தீக்கிரையாயின. ஆடுமாடுகள் கொள்ளையிடப்பட்டன, கொல்லப்பட்டன. பயன்தரு மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. விதைக்கும் காலத்தில் மக்கள் காடுகளில் ஒளிந்திருந்தமையால் வயல்கள் தரிசாயின. படைக்கலத்தால் மாண்டோரினும் பசியாலும் நோயாலும் மாண்டோர் மிகப் பலர். அப்போரின்போது இலங்கையிற் கடமையாற்றிய இராணுவ வைத்தியர் ஜோன் டேவி, 1821ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், ஆங்கிலப் படையில் ஏறக்குறைய 1,000 பேர் இறந்தனர் என்றும், கண்டி மக்களுள் அதனிலும் பத்து மடங்கினர், அதாவது 10,000 பேர்வரை, அழிந்திருக்கலாம் என்றும் மதிப்பிட்டார். இது வென்றவர் பக்கத்திலிருந்தே வந்த கணக்கு என்பதை வாசகர் கருத்திற்கொள்வாராக.

துன்பம் மிக, தலைவர்களிடையே ஒற்றுமையும் குலைந்தது. துரைசாமி என்பவர் அரசகுலத்தவர் அல்லர், வெறும் வில்பாவே என்பது வெளிப்பட்டது. தலைவர்களுள் ஒருவராகிய மடுகல்லை அவரைப் பிடித்துத் தொழுவில் மாட்டினார். அரசர் பொய்யர் என்று அறிந்த மக்கள் ஒவ்வோர் ஊராகப் பணிந்தனர்.

பிடிபட்டமையும் இறுதி நாளும்

கெப்பெட்டிபொல வடக்கே நுவரகலாவியை நோக்கிப் பின்வாங்கினார். 1818ஆம் ஆண்டு ஒக்ரோபர் 28ஆம் நாள், பிலிமத்தலாவை என்னும் தலைவரோடு அவர் தங்கியிருந்த வீட்டை லெப்டினன்ட் ஓ நீல் என்பவரின் படை சூழ்ந்தது. கெப்பெட்டிபொல ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. வெளியே வந்து, அவ்வதிகாரியின் கையைப் பற்றித் தாம் இன்னார் என்று தெரிவித்தார். சில நாட்களில் மடுகல்லையும் அகப்பட்டார். கிளர்ச்சிக்காரர் தம்வசம் வைத்திருந்த புனித தந்ததாதுவும் ஆங்கிலேயர் கைக்கு மீண்டது. தந்ததாதுவை உடையவரே நாட்டை உடையவர் என நம்பிய மக்கள் போர் முடிந்ததென்று கருதினர்.

இராணுவ நீதிமன்றம் கெப்பெட்டிபொலவுக்கும் மடுகல்லைக்கும் மரண தண்டனை விதித்தது. சிறையிலிருந்த நாட்களில் இராணுவ வைத்தியர் ஹென்றி மார்ஷல் அவரைக் கண்டு உரையாடினார். பின்னர் 1846ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலால் அவ்விறுதி நாளின் செய்தியை நாம் அறிகின்றோம்.

1818ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாட் காலையில் இருவரும் தம் வேண்டுகோளின்படி தலதா மாளிகைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கே கெப்பெட்டிபொல குரு முன்னிலையில் முழந்தாளிட்டுத் தாம் வாழ்நாளிற் செய்த புண்ணியங்களைக் கேட்டார். மறுபிறவியில் இமயமலைச் சாரலிற் பிறந்து ஈற்றில் நிர்வாணம் எய்துதல் வேண்டும் என வேண்டினார். தம் மேலாடையைக் களைந்து காணிக்கையாக்கினார். அது கந்தலும் அழுக்குமாயிருந்தது. காணிக்கையின் சிறுமையால் புண்ணியம் குறைந்துவிடாது என்று அந்நிலையிலும் அவர் மொழிந்தார். முந்தைய ஆண்டில் யாரிடம் துவக்குகளைத் திருப்பி அனுப்பினாரோ அந்தச் சோவர்ஸும் அங்கு வந்திருந்தார். அவரிடம் பகைமை சிறிதும் காட்டாது கெப்பெட்டிபொல விடைபெற்றார்.

பின்னர்ப் போகம்பரைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். நான்காண்டுகளுக்கு முன் அவருடைய சகோதரியாரின் உயிரைக் குடித்த ஏரிக்கரை அதுவே. ஒரே வெட்டில் தம் உயிரைப் போக்குமாறு கொலையாளனிடம் கேட்டுக்கொண்டு, தம் கூந்தலைத் தாமே அள்ளி முடிந்தார். இடையிலிருந்து சிறு நூல் ஒன்றை எடுத்துப் பாளிச் சுலோகங்களை ஓதினார். ஓதி முடித்து, அந்நூலைச் சோவர்ஸிடம் சேர்ப்பிக்குமாறு அருகில் நின்ற சுதேச உத்தியோகத்தரிடம் கொடுத்தார். ஒரு வெட்டிற்கு இரண்டு வெட்டு வேண்டியதாயிற்று. புத்தரின் நாமம் நாவிலிருக்க உயிர் நீத்தார்.

அவருடைய மண்டையோட்டை மார்ஷல் சீமைக்குக் கொண்டுசென்றார். மண்டையோட்டின் அமைப்பைக்கொண்டு ஒருவரின் குணத்தைக் கூறலாம் என்னும் கொள்கை அந்நாளில் மேனாட்டில் மதிப்புற்றிருந்தது. அக்கொள்கையை ஆராய்ந்த எடின்பரோச் சங்கத்தின் காட்சிச்சாலையில் அது நெடுங்காலம் இருந்தது. ஒரு மனிதரின் குணத்தை அவர் செயலிற் காணாது எலும்பில் தேடிய அக்கொள்கை பின்னர்ப் பொய்யென்று கைவிடப்பட்டது. இலங்கை விடுதலை பெற்றபின் அம்மண்டையோடு தாயகம் மீண்டு, 1954ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கண்டியில் நினைவுச் சின்னத்தின் கீழ் அடக்கஞ் செய்யப்பட்டது. அவரைத் துரோகி என்ற பழைய பிரகடனம் 2016ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இலங்கை அரசினால் முறைப்படி நீக்கப்பட்டது.

எகலப்பொலவின் முடிவையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். அவர் 1825ஆம் ஆண்டில் மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829ஆம் ஆண்டில் அங்கே இறந்தார். அரசரை அகற்ற ஆங்கிலேயரை அழைத்தவரும் அவ்வரசரைப்போலவே அந்நிய மண்ணில் மடிந்தார்.

நமக்கும் அவர்க்கும் உள்ள உறவு

போர் ஓய்ந்தபின் ஊவாவின் ஊர்கள் பல பாழாய்க் கிடந்தன. பின்னர்ப் பெருவீதிகள் அமைந்தன. கோப்பிப் பயிர் வந்தது. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தால் உரிமைப் பத்திரம் காட்டவியலாத காடும் சேனையும் முடிக்குரிய நிலமாகக் கொள்ளப்பட்டுத் துரைமாருக்கு விற்கப்பட்டன. அக்கோப்பித் தோட்டங்களிலும், கோப்பி நோயுற்று அழிந்தபின் எழுந்த தேயிலைத் தோட்டங்களிலும் உழைக்கத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கால்நடையாகவும் கப்பலேறியும் வந்தனர். 1924ஆம் ஆண்டில் இருப்புப்பாதை பதுளையை அடைந்தது. நமுனுகுலை மலையடிவாரத்திலும் தெமோதரையைச் சூழ்ந்த சாரல்களிலும் நம்மவர் லயங்கள் நிறைந்தன.

நிலமிழந்த சிங்களக் கிராமத்தவர் மலைமேல் வாழும் தமிழ்த் தொழிலாளியைக் கண்டு, தம் நிலத்தைக் கொண்டவன் இவனே என்று எண்ணியதும் உண்டு. தொழிலாளியோ அம்மண்ணில் ஒரு முழமேனும் தன்னதென்று சொல்லக்கூடாதவன். ஒருவரை நிலத்தினின்றும் நீக்கிய கையே மற்றவரை அந்நிலத்தில் கூலியாக்கிற்று. இவ்வுண்மையை இருசாராரும் உணர்ந்திருந்தால் பின்னாளைப் பிணக்குகள் பல குறைந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கெப்பெட்டிபொலவின் மண்டையோடு தாயகத்து மண்ணில் மரியாதையோடு அடக்கஞ் செய்யப்பட்ட 1954ஆம் ஆண்டில், அவர் ஆண்ட ஊவாவில் உழைத்த தோட்டத் தமிழருட் பெரும்பாலார், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக, எந்நாட்டுக் குடியுரிமையும் இன்றி நின்றனர். எஞ்சியிருந்த நாடற்றோர் நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இறந்த வீரருக்குத் தாயகம் திரும்பக் கிடைத்தது நன்று. உயிரோடிருந்தவர்க்கு அது மறுக்கப்பட்டது நன்றன்று. இதனைக் கசப்போடு சொல்லவில்லை. வரலாற்றை முழுமையாக அறிந்தாலன்றி அயலவர் இருவர் உண்மையான நண்பராதல் அரிது என்பதனாற் சொல்லுகின்றோம்.

நம் இளைஞர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது யாது? போர்க்களத்து வெற்றி அன்று, அவர் தோற்றவர். குற்றமற்ற வாழ்வும் அன்று. அந்நியரை அழைத்த ஏட்டில் அவர் கைச்சாத்தும் உளது. தாம் செய்தது தவறென்று உணர்ந்தபின் அதனைத் திருத்திக்கொள்ள அஞ்சாமையும், திருத்தும்போதும் பகைவர்க்கு வஞ்சனை செய்யாமையும், அதன் பயனை முகங்கோணாது ஏற்றமையுமே அவரிடம் நாம் கற்கத்தக்கன. அலுபொத்தையிலிருந்து பதுளைக்குத் திரும்பிவந்த அத்துவக்குகள் அவர்க்குப் போரைத் தோற்கச் செய்திருக்கலாம். இரு நூற்றாண்டுகள் கடந்தும் அவர் பெயர் தலைநிமிர்ந்து நிற்பதற்கு அவையே காரணமாயின. இனி வெலிமடைச் சந்தைப் பக்கம் செல்லும் நம்மவர், அவ்வூர்ப் பெயரைப் படிக்கும்போது அதற்குரியவரையும் ஒருகணம் நினைப்பாராக.